இறங்கும்போது ஒரு தகவல்

வினோதினி டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனாலும், திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் அன்று பார்த்ததில் ஒரு தகவலைப் படியில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நோட்டைப் பார்த்துச் சொல்லலாம். பார்க்காமல் சொன்னால் கைதட்டல் உண்டு. முழிக்கிற பிள்ளை மறுபடி உள்ளே போய் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். வேடிக்கைக்கு ஆரம்பித்தது, மூன்று வருஷத்தில் சட்டமாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

கீரப்பாளையத்துக்கு உள்ளடங்கின வடக்குவெளி அரசு உயர்நிலைப் பள்ளியில் அவள் சமூக அறிவியல் டீச்சர். அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டவள். அன்று பாரம்பரிய வாரத்துக்காகக் கடலூரில் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய கலெக்டர் கச்சேரிக் கட்டடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முப்பத்தொரு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அதில் முப்பது பேர் வந்தது சில்வர் பீச்சுக்கு. வெண்மதி ஒருத்திதான் கட்டடத்துக்காக வந்தவள்.

பீச்சுக்குப் போக முடியவில்லை. துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வானம் காலையிலிருந்தே ஒரு பக்கமாக இறங்கி நின்றது. காற்று மட்டும் கொஞ்சமும் இல்லை.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் சத்தம் தானாக அடங்கிற்று. சுவர் இரண்டு முழம் கனம். ஒரு ஆள் மேல் ஒரு ஆள் நின்றாலும் எட்டாத கதவு. வௌவால் வாடை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேதான் வரி, வழக்கு, தண்டனை எல்லாம் நடந்ததாம். இப்போது ஆபீஸ்கள் வேறிடம் போய்விட்டன. பழைய பதிவேடுகள் மட்டும் ஆளில்லாத வீட்டில் கிடக்கிற கிழங்களைப்போல மாடியில் கிடக்கின்றன.

மாடிக்குப் பொறுப்பு பாலகுமார். இன்னும் நாலு மாசத்தில் ரிட்டயர் ஆகப்போகிற மனிதர். வருஷக்கணக்காக எலியையும் தூசியையும் தவிர யாரும் எட்டிப்பார்க்காத அறைக்கு முப்பத்தொரு பிள்ளைகள் வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எந்த ஊரு நீங்கள்லாம்?"

"வடக்குவெளி!" என்று கத்தினார்கள்.

"அப்படியா? இருங்க, உங்க ஊரயே எடுத்துக் காட்றேன்." ஏணியில் ஏறி, சுருட்டின பாயின் கனத்தில் ஒரு பதிவேட்டை இறக்கி மேஜைமேல் போட்டார். எழுந்த தூசியில் நாலு பேர் தும்மினார்கள். "வால்யூம் நாப்பத்தாறு. தொள்ளாயிரத்து இருபத்தொன்னுல எழுதுனது. இதுக்கு ஊர்ல ஒரு நகல் இருந்திருக்கும், அது செல்லரிச்சுப் போயிருக்கும். இது மட்டும் பொழச்சிக் கெடக்குது. உங்க பூட்டன் முப்பாட்டன் யாராச்சும் இருக்காங்களான்னு தேடுங்க."

பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெண்மதியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"டீச்சர்! எங்க ஆண்டி பூட்டன் டீச்சர்! ஆண்டி, தகப்பன் பேரு சின்னான். எங்க அம்மாவோட பூட்டன்!"

வெண்மதி காலனிப் பிள்ளை. அவளுடைய அப்பா அன்பரசு கொத்தனார், அம்மா அங்கன்வாடியில் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் எதைக் கேட்டாலும் கையைத் தூக்குகிற ஜாதி. வினோதினிக்கு அவள்மேல் தனிப் பிரியம், அதை மறைக்கவும் தெரியாது. ஒரு பிள்ளை தன் முன்னோர் பெயரைத் தானே கண்டுபிடித்துவிட்டதே என்று சந்தோஷம் பொங்க, "அப்படியே வெரல வச்சிக்கிட்டு சிரி" என்று படம் எடுத்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள் வெண்மதி.

தலைமை ஆசிரியரிடமிருந்து ஏற்கெனவே மூன்று மெசேஜ் வந்துவிட்டது, போட்டோ எங்கே, போட்டோ எங்கே என்று. இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படித்ததா என்று யாரும் கேட்பதில்லை, படித்ததைப் போட்டோ போட்டாயா என்றுதான் கேட்பார்கள். வினோதினியும் பள்ளிக் குழுவின் வாட்ஸப் குரூப்பில் படத்தைப் போட்டாள். கீழே எழுதினாள்: 'நம் மாணவி வெண்மதி, நூறாண்டு முந்தைய பதிவேட்டில் தன் முன்னோரைக் கண்டறிந்த தருணம்!' நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் காலத்து நுணலுக்கு வாய்தான் இருந்தது.

"சார், பேருக்கு எதிர்க்க டி.சி.ன்னு போட்டிருக்குதே, அப்டின்னா என்னா சார்?" என்றான் ஒருவன்.

பாலகுமார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்ல கேள்வி. டிப்ரஸ்டு கிளாஸ். ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு வெள்ளைக்காரன் குடுத்த நெலம். பஞ்சமி நெலம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கண்டிஷன் பட்டா. வேற ஜனங்க இத வாங்க முடியாது. வாங்கனாலும் செல்லாது. எத்தினி கை மாறி இருந்தாலும் சரி, இந்த ஒரு வரி இருந்தாப் போதும்." பிறகு குனிந்து, விரலை வரியோடு ஓட்டி, பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்தார். "சர்வே நம்பர் நூத்திப் பதினாலு பை ரெண்டு. மூணு ஏக்கர் இருவது சென்ட்."

வினோதினி குனிந்து அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தாள்.

அந்த நம்பரை அவள் தினமும் பார்க்கிறாள். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகிற வழியில், கல் நட்டுக் கயிறு கட்டின மனைகளுக்கு நடுவே, ஆளுயரப் பலகையில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. 'உத்திராபதி நகர். ச.எண் 114/2.' உத்திராபதி அவளுடைய மாமனார். வருகிற திங்கட்கிழமை, முதல் பத்து மனைகளுக்குப் பத்திரப் பதிவு. அன்று வெள்ளிக்கிழமை.

அவசரமாக ஃபோனை எடுத்துப் படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று தட்டினாள். இருபத்திரண்டு பேர். முதல் பெயரே மாமா. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்த புரவலர் என்று அவரை அந்த குரூப்பில் சேர்த்ததும் அவள்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெண்மதியின் விரல் நுனிக்கு மேலேயே பெயர், நம்பர், டி.சி., எல்லாம் அச்சடித்த மாதிரி தெரிந்தது.

ஃபோன் கையிலேயே அதிர்ந்தது.

"அம்மாடி," என்றார் உத்திராபதி. அவர் யாரையும் அதட்டிப் பேசி வினோதினி கேட்டதில்லை. பி.எட். படிக்க வைத்தவர், ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தவர். அந்தக் குரலில் அவளுக்கு என்றைக்கும் பயம் இருந்ததில்லை. இன்றுதான் முதல்முறையாக இருந்தது. "புள்ளைங்கள்லாம் சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க மாமா."

"ஃபோட்டோ பாத்தேன். நல்லா இருக்குது. அந்த புக்க யாரும்மா எடுத்துக் காட்றது அங்க? பேரு என்னா?"

"பாலகுமார்னு ஒருத்தர் மாமா," என்றாள். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமா கேட்டால் பதில் சொல்வது என்பது பன்னிரண்டு வருஷப் பழக்கம். அதற்கு யோசனை எதுவும் தேவைப்படாது.

"சரிம்மா. பத்தரமா கூட்டிக்கிட்டு வா."

பஸ் கடலூரைத் தாண்டி ஆலப்பாக்கம் வரும்போது மணி நாலரை. அதற்குள் விளக்குப் போட்டுக்கொண்டு லாரிகள் எதிரே வந்தன. பிள்ளைகள் பின்னால் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெண்மதி மட்டும் முன்சீட்டுக்கு வந்து வினோதினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், எங்க அம்மாகூடப் பொறந்த சார்லஸ் மாமா நாலு வருஷமா எங்க நெலத்தக் கேட்டு மனு குடுத்துக்கிட்டே இருக்காரு. ஒவ்வொரு தடவயும் பழைய பதிவேடு கெடைக்கலன்னு பதில் வருது. அந்த மனுவெல்லாம் நான்தான் டீச்சர் எழுதுவேன். என் கையெழுத்து நல்லா இருக்குதுன்னு. அதான் பேரப் பாத்ததும் கண்டுபுடிச்சேன்."

"எந்த நெலம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" வினோதினி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும் டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெண்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாருடைய மருமகளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்காகத் தன் டீச்சரைச் சந்தேகப்படத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

சார்லஸ் முதல் மனு கொடுத்த மாசம் வினோதினிக்கு நினைவு வந்தது. அந்தப் பொங்கலுக்கு முன்னால் காலனியில் சார்லஸ் வீட்டு வைக்கோல் போர் தீப்பிடித்தது, கூரையும் பாதி போயிற்று. "எந்தப் பய பீடிய அணைக்காமப் போட்டானோ" என்று மாமா வருத்தப்பட்டார். மறுநாள் ஒரு வண்டி வைக்கோல் அனுப்பிவைத்தார். அன்று ராத்திரி எப்போதும் சாப்பிடுகிற மூன்று தோசைக்குமேல் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள்தான் வார்த்துப் போட்டாள். சார்லஸ் அதோடு சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். கடுகளவு சந்தேகம் அன்றே அவளுக்கு வந்ததுதான். சட்டினி அரைக்கிற சத்தத்தில் அதையும் சேர்த்து அரைத்துவிட்டாள்.

புதுச்சத்திரம் தாண்டும்போது புது நம்பரிலிருந்து அழைப்பு. பாலகுமார். வருகைப் பதிவில் அவள் எழுதின நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். மாடியில் கேட்ட குரலில் பாதிதான் இருந்தது.

"மேடம், நீங்க கெளம்புன கால் மணி நேரத்துல ரெண்டு பேரு வந்தாங்க. மேலேந்து ஃபோன் வந்துது. நாப்பத்தாறாம் வால்யூம பைண்டிங்குக்குன்னு கையெழுத்துப் போடாமயே எடுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க."

"எங்க சார் எடுத்துட்டுப் போனாங்க?"

"தெரியாதுங்க மேடம். ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். நீங்க வந்தப்ப அந்த வால்யூம நான் எறக்கவே இல்ல. யாரு கேட்டாலும் அப்டித்தான். எனக்கு இன்னும் நாலு மாசம் சர்வீஸ் இருக்குதுங்க." வைத்துவிட்டார்.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். பிள்ளைகள் போண்டாக் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். வினோதினியின் வீட்டுக்காரன் இளவரசு ஃபோன் செய்தான்.

"அப்பா சொல்றாரு. அத அழிச்சிடு. குரூப்புல மட்டும் இல்ல, உன் ஃபோன்லயும்."

"நான் என்னங்க பண்ணேன்? கண்டேனா, அது நம்ப நெலம்னு?"

"நீ ஒன்னும் பண்ணல. யாரும் உன்ன ஒன்னும் சொல்லல. அழிச்சிடு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பொண்ணுகிட்ட ஃபோன் கீன் இருந்துதா?" என்றான்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்ட ஏதுங்க ஃபோன்?"

"நல்லதாப் போச்சு," என்றான் அவன். அவள் கட்டிக்கொண்டவன்தான். அந்த 'நல்லதாப் போச்சு' மட்டும் யாரோ அந்நியன் சொன்னதுபோலக் கேட்டது.

குரூப்பில் அழித்தாள். தன் ஃபோனிலும் அழித்தாள். முப்பது நாள் குப்பையில் கிடந்து பிறகு அடியோடு போய்விடும் என்று ஃபோன் சொன்னது. சரி என்று தட்டினாள். இதோடு விட்டது, பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்காகத்தான் அழித்தோமா, தன் வீட்டுக்காகவா என்று மனசு கேட்டதும் ஃபோனைக் கைப்பைக்குள் திணித்தாள்.

திரும்பினால் வெண்மதி, காகிதத்தில் எண்ணெய் ஊறின போண்டாவோடு நின்றிருந்தாள். "டீச்சர், அந்த ஃபோட்டோவ எங்க சார்லஸ் மாமாவுக்கு அனுப்பறீங்களா? நம்பர் சொல்றேன்."

"அது சரியா விழலம்மா. கை ஆடிப் போச்சு."

பிள்ளையின் முகம் ஒரு நொடி வாடிற்று. அப்புறம் பழையபடி சிரித்தாள். "பரவால்ல டீச்சர். நீங்கதான எல்லாத்தையும் எழுதிக்கச் சொன்னீங்க. வால்யூம், பக்கம், வரி எல்லாம் நோட்ல எழுதிட்டேன்."

மழை கீரப்பாளையத்தில் பிடித்துக்கொண்டது. வடக்குவெளி நெருங்கும்போது ஆறேகால், இருட்டிவிட்டது. வினோதினி எழுந்து நின்று, "இன்னிக்குத் தகவல்லாம் வேணாம், மழை பெய்யிது, எறங்கி நேரா ஓடுங்க" என்று அறிவித்தாள். மற்ற நாள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடுகிற பிள்ளைகள், வேண்டாம் என்றதும் பிடிவாதம் பிடித்தார்கள். நாள் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தார்களே. ஊர் நிறுத்தத்தில் இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொன்று கத்திவிட்டுத்தான் இறங்கினார்கள். கதவின் உயரம், சுவரின் கனம், மாடிப்படி எத்தனை, தும்மினவர்கள் எத்தனை பேர்.

அடுத்தது காலனி நிறுத்தம். ஒன்பது பேர் பாக்கி.

"டீச்சர், உங்க ஜீப்பு நிக்குது," என்றான் டிரைவர் சிலம்பரசன்.

இப்படிப் போய்த் திரும்புகிற நாளில் வீட்டு ஜீப் எப்போதும் அவளுக்காக ஊர் நிறுத்தத்தில்தான் வந்து நிற்கும். இன்று காலனிப் புளியமரத்தடியில் நின்றது. ஸ்டியரிங்கில் இளவரசு. வெளியே குடை பிடித்துக்கொண்டு உத்திராபதி, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்போல முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் வினோதினிக்கு முகம் தெரியாத இரண்டு பேர் இருந்தார்கள்.

எட்டுப் பிள்ளைகள் தகவல் சொல்லி இறங்கி, புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றார்கள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்காமல் போவதும் வழக்கமில்லை. வெண்மதியின் தோளை வினோதினி பிடித்தாள்.

"நீ ஒன்னும் சொல்ல வேணாம். எறங்கி ஓடு."

"எல்லாரும் சொன்னாங்களே டீச்சர்! என்னோடதுதான் பெரிய தகவலு." தோளை விடுவித்துக்கொண்டு படியில் நின்று, நோட்டைக்கூடத் திறக்காமல், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். "வால்யூம் நாற்பத்தாறு! பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு! வரிசை ஒன்பது! சர்வே எண் நூற்றுப் பதினாலு பை ரெண்டு, மூன்று ஏக்கர் இருபது சென்ட், ஆண்டி, தகப்பன் பெயர் சின்னான், டி.சி.!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உத்திராபதியும் கைதட்டினார்.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார். "எங்க, நோட்ட குடு பாக்கலாம்."

பெரியவர் கேட்டால் கொடுப்பதுதானே முறை. கொடுத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டி, ஜீப் வெளிச்சத்தில் நிதானமாகப் படித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "எழுத்து அழகா இருக்குது. படிச்சிட்டுத் தரேன்."

"வச்சிக்கோங்க ஐயா. எனக்கு மனப்பாடமாத் தெரியும்."

உத்திராபதியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டது. "எல்லாமா?"

"எல்லாமே. மாமா ஞாயித்துக்கெழம ஊருக்கு வராரு. வந்ததும் சொல்லிடுவேன்."

"ஞாயித்துக்கெழமயா," என்றார் அவர், ஜீப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்து. "உங்கப்பன் வேலய விட்டு எத்தினி மணிக்கும்மா வருவான்?"

வினோதினிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பயந்தாள். அப்படி ஒரு பயத்தை அவள் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. ஏட்டை எடுத்துப் போய்விட்டார்கள், படத்தை அவள் கையாலேயே அழிக்க வைத்தார்கள், நோட்டு சட்டைக்குள் போய்விட்டது. இனி அந்த நிலத்துக்குச் சாட்சி என்று இந்தப் பூமியில் இருப்பது பதினாலு வயசுத் தலை ஒன்றுதான். அது மழையில் நனைந்துகொண்டு அவள் முன்னால் நிற்கிறது. எல்லாவற்றையும் எழுது, சத்தமாகச் சொல் என்று கற்றுக்கொடுத்தது யார்?

"அம்மாடி, வண்டில ஏறு. நனையாத."

"இவள வீட்ல விட்டுட்டு வந்துடறேன் மாமா."

"அவ ஊடு அவளுக்குத் தெரியாதா?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக மாமா கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. வெண்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் "நடங்க, நடங்க" என்று ஓட்டிக்கொண்டு காலனிக்குள் நடந்தாள். பிள்ளைகள் மழைக்கு முன்னால் ஓடிவிட்டார்கள். பஸ் கிளம்பிப் போயிற்று. பின்னால் ஜீப் உறுமிற்று. அவர்கள் நிழல் இரண்டும் நீளமாக முன்னால் விழுந்தது. வண்டி முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. நடை வேகத்துக்கே வந்தது.

முந்தானைக்குள் மறைத்து ஃபோனைத் திறந்தாள். குப்பையில் போட்டதைத் தேடி எடுத்தாள். ஈரக் கைக்குத் திரை வசப்படவில்லை. மூன்றாம் தடவைதான் படம் மீண்டு வந்தது.

"மாமா நம்பர் சொல்லு."

வெண்மதி பத்து எண்ணையும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். வினோதினி வாட்ஸப்பில் அனுப்பினாள். மழையில் சிக்னல் ஒரு கோடாக இளைத்திருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெண்மதி அவள் கைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், ஃபோட்டோ ஆடவே இல்லியே. நல்லாத்தான விழுந்திருக்குது?"

வினோதினி அந்தச் சின்னக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பின்னால் ஜீப் நின்றது. ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. திரையில் ஒரே ஒரு டிக்தான் விழுந்திருந்தது, போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது டிக் இன்னும் விழவில்லை.